பழைய படகு இன்ஜினின் ஒரிஜினல் நிறம் எது? உப்புத்தாளை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ஒரு பழைய படகு இன்ஜினுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம். ஆனால், ஃபேக்டரியில் அடித்த முதல் பெயிண்ட் ஒரே ஒரு தடவைதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால், அந்த இன்ஜின் எந்த நிறத்தில் வெளியே வந்தது என்று சொல்ல வேறு சாட்சியே இல்லாமல் போகலாம்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் 50, 100 வருஷம் பழைய படகு மோட்டார்களைத் தேடிப்பிடித்துச் சேகரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அமெரிக்காவில் இதற்காகவே 'ஆன்டிக் அவுட்போர்டு மோட்டார் கிளப்' 1965-ல் தொடங்கப்பட்டது. இந்த சேகரிப்பாளர்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் கேள்வி, இன்ஜின் ஓடுமா ஓடாதா என்பது இல்லை. 'இதோட ஒரிஜினல் கலர் என்ன?' என்பதுதான்.

கேட்க சின்ன கேள்வி மாதிரி இருக்கும். பதில் கண்டுபிடிக்க ஒரு துப்பறிவாளர் வேலையே செய்ய வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

கம்பெனியிடமே கேட்டுவிடலாமே?

கேட்கலாம். ஆனால், பதில் சொல்ல கம்பெனி இருக்க வேண்டுமே!

அவுட்போர்டு மோட்டார் என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் பெயர்கள் எவின்ரூட், ஜான்சன். இரண்டையும் தயாரித்து வந்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் 2000-ம் ஆண்டு இறுதியில் திவாலானது. அதன் பிறகு கை மாறிய எவின்ரூட் பிராண்டின் மோட்டார் தயாரிப்பும் 2020-ல் நிறுத்தப்பட்டது. பிரிட்டனில் புகழ்பெற்ற சீகல் மோட்டார்களின் தயாரிப்பு 1990-களிலேயே முடிந்துபோனது. அதற்கும் முன்னால் பிறந்து மறைந்த சின்னச் சின்ன கம்பெனிகள் ஏராளம்.

கம்பெனி மூடும்போது ஃபேக்டரி ரெக்கார்டுகள் எல்லாம் பத்திரமாக ஓரிடத்துக்குப் போவதில்லை. சில மியூசியத்துக்குப் போகும், சில தனிநபர் வீட்டுக்குப் போகும், மிச்சம் குப்பைக்குப் போகும். அதனால், மிச்சமிருக்கும் மோட்டார்தான் பல நேரங்களில் கடைசி ஆவணம்.

யார் செய்த இன்ஜின் என்பதிலேயே குழப்பம்

நிறத்தைத் தேடும் முன் ஆளைத் தேட வேண்டும். இன்ஜின் மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. எவின்ரூட் கதையே இதற்கு நல்ல உதாரணம்.

நார்வேயில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்துக்கு வந்தவர் ஓலே எவின்ரூட். 1909-ல் மில்வாக்கியில் தன் படகு மோட்டாரை விற்க ஆரம்பித்தார். ஒரே சிலிண்டர், ஒன்றரை குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர்தான். இனி துடுப்பே வேண்டாம் என்று சொல்லும் விளம்பர வாசகத்தை எழுதி, வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டவர் அவரது மனைவி பெஸ்.

ஆனால், இதைத்தான் முதல் அவுட்போர்டு என்று சொல்லிவிட முடியாது. பிரான்ஸில் குஸ்தாவ் ட்ரூவே 1881-லேயே படகில் மாட்டும் மின்சார மோட்டாரை ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் 'போர்ட்டோ' என்ற மோட்டாரை எவின்ரூட்டுக்கு முன்பே விற்றுக்கொண்டிருந்தார்.

இங்கேதான் முக்கியமான திருப்பம். பெஸ்ஸின் உடல்நிலை காரணமாக 1914-ல் ஓலே தன் பங்கைக் கூட்டாளியிடம் விற்றுவிட்டு வெளியேறினார். சில வருஷம் போட்டித் தொழில் செய்ய மாட்டேன் என்பது ஒப்பந்தம். அந்தக் கெடு முடிந்து, 1921-ல் 'எல்ட்டோ' என்ற புதிய பெயரில் அலுமினியத்தில் செய்த இரட்டை சிலிண்டர் மோட்டாருடன் திரும்பினார். எடை 47 பவுண்டு, சுமார் 21 கிலோ. சக்தி 3 குதிரைத்திறன்.

ஆக, 1920-களில் 'எவின்ரூட்' என்று பெயர் போட்டு வந்த மோட்டார் ஓலே எவின்ரூட் செய்தது அல்ல. அவர் செய்ததில் எவின்ரூட் என்ற பெயர் முன்னால் இல்லை! 1929-ல் எவின்ரூட், எல்ட்டோ, லாக்வுட் மூன்றும் ஒரே நிறுவனமாக இணைந்தன. 1936-ல் ஜான்சனும் அதே குடைக்குள் வந்தது. எந்த வருஷம், எந்த ஃபேக்டரி என்று தெரியாமல் நிறத்தைத் தேடினால், வேறு யாருடைய பெயிண்டையோ இதன் மேல் அடித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

ஒரு காலத்தில் பெயிண்ட் இரண்டாம் பட்சம்... பிறகு நிறமே வியாபாரம்!

'ஒரிஜினல் ஃபினிஷ்' என்றதும் பெயிண்ட் என்றுதான் நினைப்போம். எல்லா காலத்துக்கும் அது பொருந்தாது.

1910-களின் மோட்டார்களுக்கு மூடியே கிடையாது. சிலிண்டர், ஃப்ளைவீல், டேங்க் எல்லாம் வெளியே தெரியும். வார்ப்பிரும்பு, பித்தளை, வெண்கலம் எல்லாம் கலந்து செய்வார்கள். பல மோட்டார்களில் பித்தளைப் பாகங்கள் மீது நிக்கல் முலாம் பூசியிருக்கும். அதாவது, உலோகத்தின் பளபளப்புதான் அழகு.

1920-களில் எடை குறைக்கும் போட்டி வந்தது. எல்ட்டோ மாதிரியே ஜான்சன் சகோதரர்களும் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களின் 'லைட் ட்வின்' வெறும் 35 பவுண்டு, சுமார் 16 கிலோ. இந்தக் காலத்து மோட்டாரில் பாலிஷ் போட்ட வெறும் அலுமினியமே ஃபேக்டரி ஃபினிஷாக இருக்கலாம். அதன் மேல் இப்போது சில்வர் பெயிண்ட் அடிப்பது அழகுபடுத்துவது ஆகாது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். குடும்பத்தோடு ஏரிக்குப் போகும் கூட்டம் பெருகியது. இன்ஜினை முழுசாக மூடும் கவர் வந்தது. கவர் வந்ததும் அது நிறத்துக்கான பலகை ஆகிவிட்டது. கார்களைப் போலவே மோட்டார்களும் புதுப்புது நிறத்தில், இரட்டை நிறத்தில் வர ஆரம்பித்தன. கார்ல் கீக்ஹேஃபரின் மெர்குரி மோட்டார்களை எடுத்துக்கொண்டால், 1950-களின் தொடக்கத்தில் பச்சை, அப்புறம் பல வண்ணங்கள், பிறகு வெள்ளை, 1960-களில் கருப்பு என்று மாறிக்கொண்டே வந்தது. இந்தக் காலத்து மோட்டாருக்கு நிறம் தவறினால் வருஷமே தவறிய மாதிரி.

படி 1: நம்பரைப் படியுங்கள்

முதல் வேலை, பெயர்த்தகட்டில் இருக்கும் மாடல் நம்பரையும் சீரியல் நம்பரையும் எழுதிக்கொள்வது, போட்டோ எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ரகசிய மொழி.

ஜான்சனின் 10 குதிரைத்திறன் மோட்டாரில் 'கியூடி-10' என்ற மாடல் 1949-ல் வந்தது. பின்னால் இருக்கும் எண் ஏற ஏற, வருஷமும் ஏறும். பிரிட்டிஷ் சீகலில் முன்னெழுத்துகள் எந்த மாடல் என்று சொல்லும். பிற்காலத்து சீகல்களில் கடைசியில் வரும் எழுத்து மாதத்தையும் எண் வருஷத்தையும் குறிக்கும்.

இதில் சுவாரஸ்யமானது, 1980-ல் இருந்து ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பயன்படுத்திய முறை. ஆங்கிலத்தில் 'இன்ட்ரடியூசஸ்' என்ற சொல்லில் பத்து எழுத்துகள். ஒரு எழுத்துகூட இரண்டாவது தடவை வராது. முதல் எழுத்து 1, இரண்டாவது 2 என்று வரிசையாக எண் கொடுத்தால், கடைசி எழுத்து 0. மாடல் நம்பரில் வருஷத்துக்காக 'சி', 'ஓ' என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் 8, 5. அதாவது 1985-ம் ஆண்டு மாடல். நம்ம ஊர் துணிக்கடைகளில் வாங்கிய விலையை எழுத்தில் மறைத்து எழுதுவார்களே, கிட்டத்தட்ட அதே டெக்னிக்!

இதுல ஒரு எச்சரிக்கை. பழைய மோட்டார்கள் பெரும்பாலும் 'ஒட்டு மாங்கனி'. உடைந்த பாகத்துக்குப் பதிலாக வேறு மோட்டாரின் பாகத்தைப் போட்டிருப்பார்கள். பெயர்த்தகடு ஒரு வருஷம், கவர் வேறு வருஷம் என்று இருப்பது சகஜம். ஒரே ஒரு நம்பரை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

படி 2: காகிதத்தைத் தேடுங்கள்

வருஷம் ஓரளவு தெரிந்ததும், அந்த வருஷத்து கேட்லாக், பாகங்களின் பட்டியல், யூசர் மேனுவல், பத்திரிகை விளம்பரம், பேட்டன்ட் என்று தேட வேண்டும். அமெரிக்காவில் மிஸ்டிக் சீபோர்ட் மியூசியம், இங்கிலாந்தில் ஆன்சன் இன்ஜின் மியூசியம் போன்ற இடங்களில் பழைய படகுகள், இன்ஜின்கள் தொடர்பான சேகரிப்புகள் இருக்கின்றன.

ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம்.

பேட்டன்ட்: ஓலே எவின்ரூட்டின் பேட்டன்ட் 1911-ல் வழங்கப்பட்டது. வடிவத்தையும் இயங்கும் விதத்தையும் துல்லியமாகச் சொல்லும். நிறத்தைப் பற்றி மூச்சு விடாது.

விளம்பரமும் கேட்லாக்கும்: நிறம் காட்டும். ஆனால், அந்தக் காலத்தில் ஓவியரோ அச்சகமோ கையால் வண்ணம் ஏற்றிய படங்கள் நிறைய. விற்பனைக்கு வராத மாதிரி மோட்டாரைப் படம் பிடித்துப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அச்சு மையும் இத்தனை வருஷத்தில் வெளுத்திருக்கும்.

பாகங்களின் பட்டியல்: பார்க்க வறட்டு ஆவணம். ஆனால், பெரும்பாலும் நம்பகமானது இதுதான். டச்-அப் பெயிண்ட் டப்பாவின் பெயரும் பார்ட் நம்பரும் அதில் இருந்தால், 'எந்தப் பச்சை' என்ற சண்டை பாதி முடிந்த மாதிரி.

கருப்பு-வெள்ளை போட்டோ: நிறத்தைச் சொல்லாது என்று ஒதுக்க வேண்டாம். எது பளபளப்பு, எது மேட், எது முலாம், ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். ஒரே ஒரு ஆபத்து. பழைய ஃபிலிம்களில் பல, சிவப்பை ரொம்ப இருட்டாகவும் நீலத்தை வெளிறியும் காட்டும். படத்தில் கருப்பாகத் தெரிவது நிஜத்தில் சிவப்பாக இருந்திருக்கலாம்.

படி 3: இன்ஜினிடமே கேளுங்கள்

காகிதம் சொன்னதை இப்போது உலோகத்தில் சரிபார்க்க வேண்டும். வெயிலும் தண்ணீரும் கையும் படாத இடத்தில்தான் பழைய பெயிண்ட் பிழைத்திருக்கும். பெயர்த்தகட்டின் அடிப்பக்கம், போல்ட் வாஷருக்கு அடியில், டேங்கைக் கட்டியிருக்கும் பட்டைக்குக் கீழே, படகில் மாட்டும் கிளாம்ப்பின் உள்பக்கம், கவரின் உள்மடிப்பு. இவைதான் தேட வேண்டிய இடங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பல இன்ஜின்களில் அந்தப் பிசுக்குதான் காற்றையும் ஈரத்தையும் தடுத்து, அடியில் இருக்கும் பெயிண்டைக் காப்பாற்றி வைத்திருக்கும். மென்மையான துணியும் மிதமான சோப்புத் தண்ணீரும் போதும். தின்னர் ஊற்றினால் பழைய பெயிண்டும் சேர்ந்து கரைந்துவிடலாம்.

அடுத்தது 'வளையச் சோதனை'. கண்ணில் படாத ஓர் இடத்தில், ஒரு ரூபாய் காசு அளவுக்கு, மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகச் சரிவாகத் தேய்க்க வேண்டும். மேலே இருக்கும் பெயிண்ட் வெளி வளையமாகவும், அதற்கு முந்தையது உள் வளையமாகவும், நடுவில் உலோகமும் தெரியும். வெட்டிய மரத்தில் வயது வளையம் பார்ப்பது போலத்தான். உலோகத்தை ஒட்டி பிரைமர், அதற்கு மேல் முதல் நிறம். அதுதான் நாம் தேடும் ஆள்.

மியூசியங்களில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். கடுகளவு பெயிண்ட் துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இரண்டு அடுக்குக்கு நடுவே அழுக்குக் கோடு இருந்தால், இடையில் அந்த இன்ஜின் ஓடியிருக்கிறது, பிறகுதான் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அழுக்கே இல்லாமல் இரண்டு அடுக்கும் ஒட்டியிருந்தால், இரண்டுமே ஃபேக்டரியில் அடித்ததாக இருக்கலாம்.

ஏமாற்றும் நிறங்கள்

நாம் கண்ணால் பார்க்கும் பழைய நிறம், அன்று அடித்த அதே நிறம் அல்ல. எண்ணெய் சேர்த்த பெயிண்டும் வார்னிஷும் காலப்போக்கில் மஞ்சளாகும். அதனால் வெள்ளை, தயிர்ச்சாதக் கலராகும். நீலம், பச்சை பக்கம் சாயும். வெயில் சிவப்பை வெளுக்க வைக்கும். எக்ஸாஸ்ட் சூடு எதையும் பழுப்பாக்கும்.

பிரைமரைப் பார்த்து 'இதுதான் ஒரிஜினல்' என்று துள்ளிக் குதிப்பவர்களும் உண்டு. அலுமினியத்துக்கு அடித்த ஜிங்க் குரோமேட் பிரைமர் மஞ்சள்-பச்சையாக இருக்கும். அதை மேல் நிறம் என்று நினைத்தால், மோட்டார் முழுக்க கிளிப்பச்சை ஆகிவிடும்.

சரியான நிறம் கிடைத்ததும், 'கொஞ்சம் கரும்பச்சை' என்று எழுதி வைத்தால் போதாது. ஒருவர் கரும்பச்சை இன்னொருவருக்கு இலைப்பச்சை. பகல் வெளிச்சத்தில், மன்செல், ரால் போன்ற நிற அட்டைகளோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் பிறந்த ரால் முறை 1927-ல் 40 நிறங்களோடு தொடங்கியது. பிரிட்டனிலும் 1930-ல் இதுபோன்ற தர அட்டை வந்தது.

ஸ்குரூவும் முலாமும் தேதி சொல்லும்

நிறத்தைவிட, அந்த நிறம் எதனால் ஆனது என்பது இன்னும் உறுதியான சாட்சி. சில பொருட்களுக்குப் பிறந்த தேதி தெரியும். அதற்கு முன்பு அவை இருந்திருக்கவே முடியாது.

குரோம் முலாம்: 1920-களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் வணிக ரீதியாகப் பரவியது. 1915 மோட்டாரின் டேங்க் நீலம் கலந்த வெள்ளையில் கண்ணாடி மாதிரி மின்னினால், அது யாரோ பிற்காலத்தில் செய்த வேலை. நிக்கல் மின்னும்போது லேசாக மஞ்சள் கலந்து இருக்கும்.

டைட்டானியம் வெள்ளை: இன்று எங்கும் இருக்கும் இந்த வெள்ளை நிறமி, 1910-களின் பிற்பகுதியில் தயாரிப்புக்கு வந்து 1920-களில் பரவியது. 1912 இன்ஜினின் பெயிண்டில் அது இருந்தால், அந்த பெயிண்ட் 1912-ல் அடித்தது அல்ல.

சீக்கிரம் காயும் லேக்கர்: டுபான்ட் நிறுவனத்தின் 'டூகோ' லேக்கர் 1920-களில்தான் அமெரிக்க கார்களுக்கு வந்தது. அதற்கு முன்பு பல நாள் காய வைக்கும் எனாமல், வார்னிஷ் காலம்.

ஸ்டார் ஸ்குரூ: பிளஸ் குறி போட்ட தலை உள்ள இந்த ஸ்குரூ 1930-களின் நடுவில்தான் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய மோட்டாரில் அது இருந்தால், உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கடலுக்கடியில் 100 வருஷம் கிடந்த சாட்சி

பழைய இன்ஜினை அவசரப்படாமல் திறந்தால் என்ன கிடைக்கும்? இதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

'சாந்தோ' என்ற இரும்புக் கப்பல் 1848-ல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்டது. முதலில் அது இருபுறமும் சக்கரம் சுழலும் நீராவிக் கப்பல். 1871-ல் அதற்கு ஒரு பழைய இன்ஜினைப் பொருத்தி, பின்பக்க ப்ரொப்பெல்லரில் ஓடும் கப்பலாக மாற்றினார்கள். முத்துக்குளிப்புத் தொழிலுக்காக அதை வாங்கியவர் சார்லஸ் பிராட்ஹர்ஸ்ட். அடுத்த வருஷமே, 1872-ல், மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் கிரிகோரி அருகே அது மூழ்கியது.

1979-ல் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. 1985-ல் இன்ஜினை மேலே தூக்கினார்கள். அது இன்ஜின் மாதிரியே இல்லை. துருவும் சுண்ணாம்பும் கடல் உயிரினங்களும் சேர்ந்து இறுகிய ஒரு பாறை! மேற்கு ஆஸ்திரேலிய மியூசியத்தின் நிபுணர்கள் அந்த ஓட்டைத் துண்டு துண்டாக அகற்றினார்கள். ரசாயனக் கரைசலில் மின்சாரம் செலுத்தி, இரும்புக்குள் ஊறியிருந்த உப்பை வெளியே எடுத்தார்கள். பல வருஷ உழைப்புக்குப் பிறகு அதன் தண்டைக் கையால் சுழற்ற முடிந்தது.

லண்டன் கிரீனிச்சில் இருந்த ஜான் பென் நிறுவனம் 1861-ல் செய்த இன்ஜின் அது. பிரிட்டிஷ் கடற்படையின் பீரங்கிப் படகுகளுக்காக மொத்தமாகத் தயாரித்த வகை. அந்த வகையில் மிஞ்சியிருப்பதாக அறியப்படுவது இது ஒன்றுதான். திருகு மரைகள் விட்வொர்த் அளவுத் தரத்தில் இருந்தது போன்ற விவரங்கள், அன்றைய தொழிற்சாலை எப்படி வேலை செய்தது என்று காட்டின. தூக்கிய மறுநாளே சுத்தியலால் அடித்து, மணல் வீசிச் சுத்தம் செய்திருந்தால் இதில் எதுவுமே மிஞ்சியிருக்காது.

உடம்பும் முக்கியம்!

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். ரெட் லெட் என்ற ஈயம் கலந்த சிவப்பு பிரைமர் ஒரு காலத்தில் கப்பல், படகு வேலையில் மிகச் சாதாரணம். நம்ம ஊர் கிரில் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு வேறு, இது வேறு. அமெரிக்கா வீட்டு உபயோக பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-ல்தான். மேலே சொன்ன ஜிங்க் குரோமேட்டும் நச்சுப் பொருளே.

அதனால், உலர்ந்த பெயிண்டை மெஷின் போட்டுத் தேய்க்கக் கூடாது. தூசி பறக்காமல் ஈரத்தில் தேய்க்க வேண்டும். சரியான மாஸ்க், கையுறை அவசியம். ஹீட் கன் வைத்து எரிப்பதும் ஆபத்து. குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம். பழைய சிலிண்டர் கேஸ்கெட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அவற்றையும் சுரண்டக் கூடாது.

நிறம் கிடைத்துவிட்டது... பெயிண்ட் அடிக்கலாமா?

கடைசி முடிவு இங்கேதான். ஒரிஜினல் பெயிண்ட் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால், சுத்தம் செய்து, துரு பரவாமல் மெழுகோ எண்ணெயோ பூசி அப்படியே விடுவதையே பல சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். கீறலும் வெளுப்பும் அந்த மோட்டார் உழைத்த கதை.

பெயிண்ட் அநேகமாகப் போய்விட்டது, தண்ணீரில் ஓட்டவும் வேண்டும் என்றால் மறுபடி அடிப்பதில் தப்பில்லை. ஆனால், அதற்கு முன் செய்ய வேண்டியவை:

• எல்லாப் பக்கமும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். படத்துக்குள் நிற அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும்.

• ஸ்டிக்கர், எழுத்துகளை அளந்து, டிரேஸிங் பேப்பரில் பிரதி எடுங்கள். தேய்த்த பிறகு அவை திரும்பக் கிடைக்காது.

• கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் பழைய பெயிண்டைத் தொடாமல் விட்டு, அதைச் சுற்றி மட்டும் புதிதாக அடியுங்கள்.

• எது கண்ணால் கண்டது, எது ஊகம் என்று பிரித்து எழுதி, அந்தத் தாளை இன்ஜினோடு வையுங்கள்.

கடைசியில் சொன்ன தாள்தான் பலரும் மறப்பது. இன்று அடிக்கும் பெயிண்ட் இன்னும் 50 வருஷத்தில் பழைய பெயிண்ட் ஆகிவிடும். அப்போது அதே இன்ஜினைக் கையில் எடுப்பவர், எது ஃபேக்டரி நிறம், எது பிறகு அடித்தது என்று தெரியாமல் மறுபடியும் முதலில் இருந்து தேட வேண்டியிருக்கும். ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் அவருக்கு அந்த வேலை மிச்சம்.